ஆறு நாள் நெசவு

என் முதலாளி மாணிக்கவேல் தன்னுடைய ஐம்பத்து நான்காவது வயதில், ஆறே நாளில் நெசவு கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தார். சைக்கிள் பழகவே ஆறு நாள் போதாது என்று நான் சொல்லவில்லை. சொல்லுகிற இடத்தில் நான் இல்லை.

நெசவுக் குடும்பம்தான் அவர். ஆரணியில் அவருடைய தாத்தா பெயரைச் சொன்னால் இன்னும் இரண்டு பேராவது தலையாட்டுவார்கள். ஆனால் இவர் தறிக்குழிக்குள் கால் வைத்ததே கிடையாது. விசைத்தறி எட்டு, கைத்தறி இரண்டு, கார் ஒன்று, நெசவாளர் சங்கத் தலைவர் பதவி ஒன்று. இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா குத்தியிருக்கும். அது எழுதி நான் பார்த்ததில்லை.

நான் நெசவுக் குடும்பம் கிடையாது. சேவூர்ப் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவர்களின் மகள். பதினெட்டு வயதில் அவருடைய கொட்டகைக்குத் தார் சுற்ற வந்தேன். துணியில் குறுக்கே ஓடுகிற ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுக்கிற வேலை. இரண்டு வருஷம் சுற்றிக்கொண்டே பக்கத்துத் தறியைக் கண்ணால் தின்றேன். அந்தத் தறிக்காரர் ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிட, நான் குழிக்குள் இறங்கினேன். பதினாறு வருஷமாக இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் சங்கத்தின் ஏட்டில் அமலா என்ற பெயரே இல்லை. உறுப்பினர் அட்டை இருந்தால் சங்கம் தறியில் நீளவாக்கில் பூட்டுகிற பாவும் பட்டும் என் பெயருக்கே தரும். என் வீட்டிலேயே தறி போடலாம். நெய்த புடவையில் என் பெயர் எழுதிய சீட்டு இருக்கும். நான்கு வருஷத்துக்கு முன்பு மனு எழுதிக் கொடுத்தேன். அது தலைவர் மேசையில் இருப்பதாகத் தலைவரே சொன்னார். மேசை தன்னுடையது என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

சென்னையில் ஏதோ ஒரு அறக்கட்டளை, சிறந்த கைத்தறி நெசவாளருக்கு விருது என்று அறிவித்தது. சொந்தக் கையால் நெய்த புடவையை அனுப்ப வேண்டும். மாணிக்கவேல் ஒரு புடவையை அனுப்பினார். மாம்பழ மஞ்சள் உடம்பு, கத்தரிப்பூக் கரை, உடம்பு முழுக்க ஒரு கடுகளவு பூ. அந்தப் பூவை அந்த அளவுக்குச் சின்னதாக்க நான் மூன்று முறை பிரித்து நெய்தேன். நெய்தவர் என்ற இடத்தில் அவருடைய பெயர் போனது. அதுவரை எல்லாம் வழக்கம்போலத்தான்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. தேர்வான ஐந்து பேருடைய தறியையும் நேரில் பார்க்க வருகிறார்களாம். நெசவாளர் அவர்கள் கண் முன்னால் நெய்து காட்ட வேண்டுமாம். அடுத்த வியாழக்கிழமை ஆரணி.

கடிதத்தைப் படித்த மனிதர் நேராக என் தறிக்கு வந்து நின்றார்.

"அமலா, எனக்குக் கத்துக் குடுத்துடு. ஆறு நாள் கீது. போதும் இல்ல?"

"இன்னாத்துக்குப் போதும் மொதலாளி?"

"பாக்கறவங்களுக்குப் போதும்னு சொல்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அவரும் பார்த்துவிட்டார். உடனே குரலை இறக்கினார்.

"உன் மனு கெடக்குது இல்ல? விருது கைக்கு வந்த மறுநாள் உனக்கு அட்டை. நான் சொன்னா சொன்னதுதான்."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அட்டைக்காக நான் யாருக்கு வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கற்றுக்கொடுப்பேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

அவருடைய மகன் ஹேமநாத் இதற்கு ஒரு திட்டம் போட்டான். பொறியியல் முடித்தவன். அதன் பிறகு அவன் கற்றுக்கொள்ளாத பொருளே கிடையாது. பத்து நாளில் போட்டோகிராபி, ஒரே வாரத்தில் ஜெர்மன், ஒரு சனி ஞாயிறில் ஏதோ கம்ப்யூட்டர் மொழி. எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வைத்திருக்கிறான். ஒருமுறை என்னிடம் ஜெர்மனில் வணக்கம் சொன்னான். அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாததால் அவன் தேறிவிட்டான்.

ஒரு பெரிய சார்ட்டில் ஆறு கட்டம் வரைந்து கொட்டகைச் சுவரில் ஒட்டினான்.

"எந்த சப்ஜெக்டா இருந்தாலும் இருபது பர்சென்ட்தான்க்கா முக்கியம். அத்த மட்டும் ஜல்தியா புட்சிகினா மீதி தானா வந்துடும்."

"அப்ப ஒரு புடவையில எந்த எண்பது பர்சென்ட்ட நெய்யாம வுட்டுடலாம், தம்பி?"

"நீங்க கான்செப்ட்டயே புரிஞ்சிக்கல."

உண்மைதான், புரிந்துகொள்ளவில்லை. நான் தார் சுற்றின இரண்டு வருஷத்தில் எனக்கு யாரும் சார்ட் ஒட்டவில்லை.

முதல் நாள் மாணிக்கவேல் புது நோட்டு, மூக்குக் கண்ணாடி, மூன்று வண்ணப் பேனா எல்லாம் எடுத்து வந்தார். ஹேமநாத் போனை ஸ்டாண்டில் மாட்டி வீடியோ எடுத்தான். தறியின் ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் கேட்டு எழுதினார் முதலாளி. நாடா, அச்சு, விழுது, மிதி. நாலு பக்கம் எழுதி, முக்கியமானதற்குப் பச்சை மையில் கோடு போட்டார். பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகத்துக்கு அட்டை போடுகிற பிள்ளைகள் உண்டு. அதே ரகம். மத்தியானம் ஒரு மணி வரை தறியில் ஒரு இழை ஏறவில்லை.

இரண்டாம் நாள் குழிக்குள் இறங்கினார். இறங்கினார் என்று சொல்வது மரியாதைக்கு. வயிறு ஒரு தவணை, உடம்பு ஒரு தவணையாக உள்ளே போனார். வலது கை கயிற்றை இழுத்தால், தாரைச் சுமக்கிற நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓட வேண்டும். கால் மிதியை மாற்றி மிதித்த பிறகுதான் கை இழுக்க வேண்டும். இவர் இரண்டையும் ஒன்றாகச் செய்தார். நாடா தறியை விட்டுப் பறந்துபோய் ஹேமநாத்தின் போன் ஸ்டாண்டைச் சாய்த்தது. அன்று முழுக்க எனக்கு மனசு குளிர்ந்திருந்தது.

"கால் முன்னால போவணும், கை பின்னால வரணும் மொதலாளி. கல்யாணப் பந்திக்கு ஓடற மாரி ரெண்டும் ஒண்ணா ஓடக்கூடாது!"

கோபத்தில் கத்திவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "இரு இரு, இன்னா சொன்ன?" என்று கேட்டு அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். திட்டினால் எழுதிக்கொள்கிற மாணவனை என்ன செய்வது?

மூன்றாம் நாள் இடுப்பு வலி. கட்டிலில் படுத்துக்கொண்டு வீடியோ பார்த்தார். அதுவும் படிப்புதான் என்று ஹேமநாத் கட்டத்தில் டிக் போட்டான்.

நான்காம் நாள் ஒன்று நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி ஆவேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். வாயால் "கால், கை, அடி" என்று முணுமுணுத்துக்கொண்டே நெய்துகொண்டிருந்தவர் திடீரென்று முணுமுணுப்பை நிறுத்தினார். தறி நிற்கவில்லை. ஒரு இருபது இழைக்குச் சத்தம் சரியாக விழுந்தது. அவருடைய முகத்தில் பயம் போய் வேறு ஏதோ வந்தது. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. அதற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது. பிறகு அவர் பெருமையாக நிமிர்ந்து மகனைப் பார்த்தார். சத்தம் கெட்டது.

ஐந்தாம் நாள் கேட்டார், "பாவுல இழை அறுந்தா இன்னா பண்றது?"

"மொதல்ல உங்க கண்ணு நிக்கணும். அப்புறம் காலு நிக்கணும். அதுக்கப்புறந்தான் கை போவணும். பாக்காம நெய்துகினே போனா துணியில கோடு வுழுந்துடும், மொத்தப் புடவையும் வீண்."

எழுதிக்கொண்டார். சிவப்பு மை. முடிச்சுப் போடக் காட்டிக் கொடுத்தேன். முடியைவிட மெல்லிசான பட்டு இழை. அவருடைய விரல்களிலோ நாலு மோதிரம். கழற்றச் சொன்னால், ராசிக்கல், கழற்றக் கூடாது என்றார். ஒரு மணி நேரம் போராடி மூன்று நல்ல இழையை அறுத்ததுதான் மிச்சம். எனக்குப் பேஜாராகிவிட்டது.

"இது ஆறு நாள்ல வராது மொதலாளி. அறுந்துச்சுன்னா போன் வந்த மாரி எழுந்துடுங்க."

ஆறாம் நாள் படிப்பு இல்லை. என்னைத் தறியிலிருந்து அழிக்கிற வேலை. எனக்குக் கால் எட்டாது என்பதால் குழிக்குள் ஒரு பலகைத் துண்டு போட்டிருப்பேன். அதை எடுத்து மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளினார்கள். கயிற்றுக் கைப்பிடியில் நான் சுற்றியிருந்த பழைய ரவிக்கைத் துணியை அவிழ்த்தார்கள். வேர்வையில் பொட்டு கழன்றுவிடும் என்று தினமும் அதை எடுத்துத் தறிக் காலில் ஒட்டுவது என் வழக்கம். வருஷக்கணக்கில் ஒட்டியவை. ஹேமநாத் பிளேடு வைத்துச் சுரண்டினான். சிவப்பும் மெரூனும் கறுப்புமாகத் தரையில் உதிர்ந்ததை நானே பெருக்கி அள்ளினேன். அட்டை, அட்டை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அள்ளினேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார்கள். நடுவராக வந்தவர் மதிவதனி என்ற அம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும், கசங்கின பருத்திப் புடவை, கையில் ஒரு டேப்லெட். கூட ஒரு போட்டோக்காரர். எனக்கு இடப்பட்ட கட்டளை இரண்டு. காபி கொடுக்க வேண்டும். தறியைத் தொடக் கூடாது.

அந்த அம்மா முதலில் சொன்னதே, "அந்த விசைத்தறிங்கள எல்லாம் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க, கைத்தறி சத்தம் கேக்கணும்" என்பதுதான். எட்டும் நின்றன. கொட்டகையில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. மாணிக்கவேல் பட்டு வேட்டியோடு குழிக்குள் இறங்கினார். தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது நான் கற்றுக்கொடுக்காதது, சினிமாவில் பார்த்திருப்பார்.

நெய்தார். கால், கை, அடி. ஒப்பேற்றுகிற மாதிரிதான் இருந்தது. போட்டோக்காரர் படம் எடுத்தார். நான் காபித் தட்டோடு ஓரமாக நின்றேன். இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டினால் போதும், என் வீட்டு முன்னறையில் தறிக்குழி எங்கே வெட்டுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்போது இடது கைப் பக்கம், கரையிலிருந்து நாலு விரல் தள்ளி, பாவில் ஒரு இழை அறுந்தது.

அவர் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுந்த இழை பக்கத்து இழைகளோடு சிக்கிக்கொண்டு மேலே எழும்பியது. ஒரு அடி. இன்னொரு அடி. துணியில் கோடு விழ ஆரம்பித்துவிட்டது. மஞ்சள் பட்டு, நான் பாதி நெய்து வைத்த புடவை. சும்மா நில் என்று எனக்கு நானே சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது, காபித் தட்டு தரையில் இருக்க, என் இடது கை அச்சுப் பலகையைப் பிடித்து நிறுத்தியிருந்ததுதான். வலது கை அறுந்த நுனியைக் கண்டுபிடித்து, எச்சில் தொட்டு முறுக்கி, புது இழை சேர்த்து, விழுதின் கண்ணில் நுழைத்து, அச்சுப் பல்லுக்குள் இழுத்து முடித்துவிட்டது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

நிமிர்ந்து பார்த்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம வூட்டு வேலைக்காரப் பொண்ணு மேடம்," என்றார் மாணிக்கவேல். "தார் சுத்தும். எடுபிடி."

"நீங்க கொஞ்சம் எழுந்திருங்க சார்," என்றார் மதிவதனி. "நீங்க உக்காருங்கம்மா."

மாட்டேன் என்று தலையாட்டினேன். திரும்பவும் உட்காரச் சொன்னார். உட்காருவதற்கு முன்னால் மூட்டைகளுக்குப் பின்னால் போய், பலகைத் துண்டை எடுத்து வந்து குழிக்குள் போட்டேன். போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. ஹேமநாத் தலையில் கை வைத்துக்கொண்டான். நான் பத்து இழை நெய்தேன். அந்த அம்மா கண்ணை மூடித் தறிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கடுகுப் பூ புடவைய யாரும்மா நெய்ஞ்சது?"

மாணிக்கவேலைப் பார்த்தேன். பேனாவைத் தொட்டுக்கொண்டு நின்றார். என் அட்டை அந்தப் பேனாவில் இருந்தது.

"மொதலாளிதான் மேடம்," என்றேன். என் தறியில், என் பலகை மேல் கால் வைத்து உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னேன். வெட்கக்கேடு.

மதிவதனி சிரித்தார். "இவங்க சங்கத்துல மெம்பரா?"

மாணிக்கவேலுக்கு நெசவு வராதே தவிர, நாக்கு எங்கேயும் இழை அறாமல் ஓடும். "விதி ஒண்ணு கீது மேடம். நெசவுக் குடும்பம் இல்லாதவங்க பயிற்சிச் சான்றிதழ் வெச்சிருக்கணும். எங்க சங்கத்துலயே ஆறு நாள் பயிற்சி ஆரம்பிக்கப் போறோம். மொத பேரே அமலா பேருதான்."

"நல்லது. அட்டை குடுத்ததும் ஒரு காப்பி எனக்கு அனுப்புங்க," என்று டேப்லெட்டில் குறித்துக்கொண்டார். நல்லவர்தான். ஆனால் காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார், அடுத்த ஊரில் இன்னொருவர் நெய்து காட்டக் காத்திருந்தார். விருது ஆரணிக்கு வரவில்லை. புடவையும் சென்னையில் யாருடைய பீரோவிலோ இருக்கிறது.

ஆனால் பயிற்சி நிஜமாகவே ஆரம்பித்தது. சங்கக் கட்டட மாடியில், அடுத்த மாதம். 'ஆறே நாளில் நெசவு' என்று ஹேமநாத் பேனர் அடித்தான். வந்தவாசியிலிருந்து ஃபேஷன் டிசைன் படிக்கிற பெண்கள், வங்கியில் ஓய்வு பெற்ற ஒருவர், வீடியோ போடுகிற ரஞ்சித்குமார் என்று பதினாலு பேர். பதினாலாவது நான். பயிற்சியாளர் யார் என்று கேட்கவே வேண்டாம். ஆறு நாளில் நெசவு சொல்லிக் கொடுக்கிற பாடம் ஊரிலேயே ஒருவரிடம்தான் எழுத்தில் இருந்தது.

சேரும்போது ஒரு படிவம் தந்தார்கள். 'முன் அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று முன்கூட்டியே டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் அன்பரசு, "அந்த ஆள் மூஞ்சில அந்தப் படிவத்த வீசிட்டு வா, அமலா" என்றார். வீசுவது சுலபம். முன்னறையில் குழி வெட்ட ஏற்கெனவே சுண்ணாம்பில் கோடு போட்டுவிட்டேன்.

மாணிக்கவேல் மைக் பிடித்துப் பாடம் நடத்தினார். பச்சைக் கோடு, சிவப்புக் கோடு, எல்லாம் அதே நோட்டு. "கால் முன்னால போவணும், கை பின்னால வரணும். கல்யாணப் பந்திக்கு ஓடற மாரி ரெண்டும் ஒண்ணா ஓடக்கூடாது!" என்றார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரஞ்சித்குமார் அதை வீடியோ எடுத்துப் போட, சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பார்த்துவிட்டது. நான் திட்டின திட்டு முதலாளியின் ஞானமாகிவிட்டது. ஒரு நாள் என் அருகில் வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அமலா பரவால்ல, சீக்கிரம் புட்சிகினு வருது," என்று பாராட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

ஆறாம் நாள். மத்தியானம் பாடம் முடிந்ததும் சான்றிதழ், அட்டை இரண்டும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மேடையில் ஒரு தறி. பட்டுப் பாவு பூட்டி, மாணிக்கவேல் கடைசியாகச் செய்து காட்டினார். நோட்டைப் பிரித்து வாசித்தார்.

"பாவுல இழை அறுந்தா, மொதல்ல உங்க கண்ணு நிக்கணும். அப்புறம் காலு நிக்கணும். அதுக்கப்புறந்தான் கை போவணும்."

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். அவர் நோட்டை மூடி வைத்துவிட்டு நெய்ய ஆரம்பித்தார். எண்ணி எட்டாவது அடியில், வலது பக்கம், ஒரு இழை அறுந்தது.

அவர் பார்க்கவில்லை. பதிமூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அறுந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை. என் கை இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன். அடி மேல் அடி விழுந்தது. கோடு ஒரு விரல் நீளம் வளர்ந்தது, பிறகு ஒரு சாண். நல்ல பட்டு. எங்கேயோ என்னைப்போல எவளோ ஒருத்தி சுற்றிக் கொடுத்த தார் அதில் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவிப்ரியா என்ற வந்தவாசிப் பெண் என் காதோரம் குனிந்தாள். கெட்டிக்காரப் பெண், அவள் ஒருத்திக்குத்தான் கண் இருந்தது.

"அக்கா, அங்க நேரா ஒரு கோடு வருதே. அது இன்னாக்கா?"

"டிசைன்மா," என்றேன்.

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நாலு மணிக்குக் கைதட்டலோடு அட்டை தந்தார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட புது அட்டை, ஓரத்தில் என் போட்டோ. அமலா, நெசவாளர் என்று அச்சடித்திருந்தது.